நாலு கலர் டார்ச்சுக்கு எத்தனை மார்க்?

டார்ச் லைட் வாங்கப் போனா என்ன பண்ணுவீங்க? கடைக்காரர் கையில கொடுத்ததும் ஆன் பண்ணுவீங்க. எதிர்ச் சுவரில் அடிப்பீங்க. பக்கத்தில் நிற்கிற ஃப்ரெண்ட் மூஞ்சியில் ஒரு தடவை அடிச்சு திட்டு வாங்குவீங்க. 'ம்... நல்லாத்தான் இருக்கு'ன்னு காசைக் கொடுத்துட்டு வந்துடுவீங்க. அதுவும் பட்டனை அமுக்க அமுக்க வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம்னு மாறுற டார்ச்சா இருந்தா கேட்கவே வேணாம். அங்கேயே குட்டி டிஸ்கோ நடத்திட்டுதான் வருவீங்க!

ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க பாஸ். கடைச் சுவர் நாலு அடி தூரத்தில் இருக்கு. வெள்ளை பெயின்ட் அடிச்சிருக்கு. தலைக்கு மேல டியூப்லைட் வேற எரியுது. இந்த டார்ச்சோட நிஜமான வேலை அந்த இடத்திலயா இருக்கு?

நான் இயற்பியல் இரண்டாம் வருஷ மாணவி. படிக்கிறது சென்னையில, சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். எங்க அப்பா விவசாயி. ராத்திரி பத்து, பதினோரு மணிக்கு மேல வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போவார். வரப்பு மேல செருப்புக் காலோட நடை. போன மாசம் அவரோட பழைய டார்ச் சுவிட்ச் போயிடுச்சு. "பாப்பா, வர்றப்போ அங்கேருந்து ஒரு டார்ச் வாங்கிட்டு வா. இங்க விலை ஜாஸ்தி சொல்றான்"னு போன்ல சொன்னார். பாக்கெட் மணிக்குள்ள முடிக்கணும். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். 180 ரூபாய்க்கு ஒரு நாலு கலர் எல்.ஈ.டி. டார்ச் கிடைச்சுது. அலுமினிய பாடி, நடுவில் ஒரு வெள்ளை எல்.ஈ.டி., சுற்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூணு குட்டி எல்.ஈ.டி. ரிமோட்ல போடுற குட்டி பென்சில் செல் மூணு போடணும்.

வாங்கினேனே தவிர, அப்படியே அப்பா கையில கொடுக்க மனசு வரலை. வரப்புல என்ன இருக்கும்னு எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்குத் தெரியும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்கு சராசரியா 58,000 பேர்! அதில் மிகப் பெரும்பாலானவங்க கிராமத்துக்காரங்க. தமிழ்நாட்டில் பாம்புக் கடியை ஆஸ்பத்திரிகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்கள் பட்டியலில் 2024 நவம்பரில்தான் சேர்த்தாங்க. அதனால இந்த டார்ச்சுக்கு ஒரு செமஸ்டர் எக்ஸாம் வெச்சுட்டுதான் அப்பாகிட்ட கொடுக்கிறதுன்னு முடிவு பண்ணினேன்.

பேப்பர் 1: அட்டைப்பெட்டி கணக்கு

பெட்டி மேல எழுதியிருந்தது இதுதான்: '1000 லூமென்ஸ்', '500 மீட்டர்', '10,000 மணி நேரம்'. படிச்சதும் எங்க ஹாஸ்டல் ரூம்மேட், "இது டார்ச்சாடி, கலங்கரை விளக்கமா?"ன்னு கேட்டா.

வாங்க, கணக்கு போடலாம். ப்ளஸ் டூ கணக்கு கூட தேவையில்லை.

லூமென் என்பது ஒரு விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளிவர்ற மொத்த வெளிச்சம். அந்தக் கால 60 வாட் குண்டு பல்பு சுமார் 800 லூமென் தரும். அதாவது, நம்ம ஆள்காட்டி விரல் நீள டார்ச், ஒரு ரூமுக்கே வெளிச்சம் தர்ற குண்டு பல்பை விட பிரகாசம்னு பெட்டி சொல்லுது!

சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும்னு வெச்சுக்கோங்க. அப்போ 1000 லூமெனுக்கு 10 வாட் வேணும். நம்ம குட்டி செல் ஒண்ணுக்குள்ள இருக்கிறது எவ்வளவு? நல்ல ஆல்கலைன் செல்லா இருந்தா 1.5 வோல்ட், ஏறத்தாழ 1000 மில்லி ஆம்பியர் மணி. பெருக்கினா 1.5 வாட் மணி. மூணுக்கும் சேர்த்து 4.5 வாட் மணி. 10 வாட் வேகத்தில் கறந்தா, ஒரு சொட்டு வீணாகாம இருந்தாக்கூட 27 நிமிஷத்தில் கதை முடிஞ்சுடும். நிஜத்தில் அந்தக் குட்டி செல்லால அவ்வளவு கரன்ட்டை ஒரே நேரத்தில் தரவும் முடியாது. ஆக, 1000 லூமென் கற்பனை.

'10,000 மணி நேரம்' மட்டும் முழுப் பொய் இல்லை, பாதி உண்மை. அது எல்.ஈ.டி.யோட ஆயுள். உங்க செல்லோட ஆயுள் இல்லை. இந்த ரெண்டையும் குழப்பிவிட்டா யாருக்கு லாபம்னு உங்களுக்கே தெரியும்.

பேப்பர் 2: ஹாஸ்டல் லேப்

அடுத்தது பிராக்டிகல். உபகரணம்: ஒரு ஸ்மார்ட்போன், ஒரு டேப், ஒரு இருட்டான வராண்டா. நம்ம போனோட முன்பக்கம், மேல, வெளிச்சத்தை உணர்ற ஒரு குட்டி சென்சார் இருக்கு. வெயிலில் போனா ஸ்க்ரீன் தானா பிரைட் ஆகுதே, அது இவர் வேலைதான். லக்ஸ் அளக்கிற இலவச ஆப் ஒண்ணு போட்டுக்கிட்டா போதும். போனுக்குப் போன் அளவு மாறும். ஆனா ஒரே போனை வெச்சு ரெண்டு டார்ச்சை ஒப்பிடறதுக்கு தாராளமா உதவும்.

டார்ச் உலகத்துக்குன்னு ஒரு அளவுகோல் இருக்கு தெரியுமா? அமெரிக்காவில் 2009-ல் எஃப்.எல்.1னு ஒரு தர விதிமுறை கொண்டு வந்தாங்க. அதன்படி ஒரு டார்ச் 'எட்டும் தூரம்' என்பது, அதன் வெளிச்சம் கால் லக்ஸா குறையுற இடம். கால் லக்ஸ்னா? மேகமில்லாத பௌர்ணமி அன்னிக்கு திறந்த வெளியில் விழற நிலா வெளிச்சம் அளவு. அதே மாதிரி 'எத்தனை நேரம் எரியும்' என்பது, ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கா குறையுற வரைக்கும்.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். டார்ச்சிலிருந்து சரியா ரெண்டு மீட்டர் தள்ளி போனை வெச்சு, பளிச்சுன்னு இருக்கிற நடு இடத்தில் லக்ஸ் பாருங்க. அதை நாலால பெருக்குங்க. வர்ற எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து, ரெண்டால பெருக்குங்க. அதுதான் மீட்டரில் தூரம்! தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும்னு படிச்சோமே, அதைத் தவிர இதில் வேற மந்திரம் எதுவும் இல்லை.

நம்ம ஹீரோ எடுத்த மார்க்: ரெண்டு மீட்டரில் 150 லக்ஸ். நாலால பெருக்கினா 600. வர்க்கமூலம் ஏறத்தாழ 24.5. ரெண்டால பெருக்கினா 49 மீட்டர். பெட்டி சொன்னது 500 மீட்டர். அந்த 500 நிஜமாகணும்னா 600-க்கு பதில் 62,500 வரணும். நூறு மடங்குக்கும் மேல! ஆனா 180 ரூபாய்க்கு 49 மீட்டர் மோசமில்லைன்னும் சொல்லணும். பெட்டியைப் படிக்காம இருந்தா சந்தோஷமாவே வாங்கலாம்.

அடுத்து, எத்தனை நேரம்? புது ஆல்கலைன் செல் போட்டு, வெள்ளையை ஆன் பண்ணிட்டு, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அளந்தேன். ஆரம்பத்தில் 150. அரை மணியில் 100. ஒரு மணியில் 71. ரெண்டு மணியில் 38. மூணு மணியில் 19. மூன்றரை மணி சுமாருக்கு 15-ஐத் தொட்டு எக்ஸாம் ஹாலை விட்டு வெளியேறிட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரு மணி நேரத்தில் பாதிக்கும் மேல வெளிச்சம் காலி. ஆனா பக்கத்துல உட்கார்ந்து படிச்சிட்டிருந்த ரூம்மேட்டுக்கு அது தெரியவே இல்லை. "அப்படியேதானே இருக்கு"ன்னா. நம்ம கண்ணு மெதுவா குறையுற வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி தன்னை மாத்திக்கும். சினிமா தியேட்டரில் லைட்டை மெல்ல மெல்ல அணைக்கிறப்போ எப்போ இருட்டாச்சுன்னு தெரியாதே, அது மாதிரி. கொஞ்சம் விலை கூடின டார்ச்சுகளில் உள்ளே ஒரு சர்க்யூட், கரன்ட்டை சீரா வெச்சிருக்கும். நம்ம 180 ரூபாய்க்காரரில் அதெல்லாம் கிடையாது. செல் இறங்க இறங்க இவரும் இறங்குவார்.

பேப்பர் 3: கலர்களுக்குள்ள என்ன?

சரி, நாலு கலர் எதுக்கு? வெறும் ஷோவா?

எல்.ஈ.டி.யில் முதலில் கண்ணுக்குத் தெரிஞ்ச கலர் சிவப்பு. 1962-ல் நிக் ஹோலன்யாக் செஞ்சு காட்டினார். பிரகாசமான நீலத்துக்கு உலகம் இன்னும் முப்பது வருஷம் காத்திருந்தது. அந்த நீலத்துக்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா மூணு பேருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைச்சுது. 'ஒரு நீல லைட்டுக்கு நோபலா?'ன்னு கேட்காதீங்க. நம்ம வீட்டு வெள்ளை எல்.ஈ.டி. பல்புக்குள்ள இருக்கிறதே நீலம்தான்! நீல எல்.ஈ.டி. மேல மஞ்சள் நிற பாஸ்பர் பூசியிருப்பாங்க. நீலத்தில் ஒரு பகுதியை அந்தப் பூச்சு வாங்கி மஞ்சளா திருப்பித் தரும். மிச்ச நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையா தெரியும்.

நம்பலைன்னா, வீட்டில் தூங்கிட்டிருக்கிற பழைய சி.டி. ஒண்ணை எடுங்க. இருட்டில் டார்ச் வெளிச்சத்தை அதில் சாய்வா விழவிட்டு, தெரியுற வானவில்லைப் பாருங்க. நம்ம டார்ச்சுக்கு நீலம் பளீர்னு இருக்கும். சிவப்பு மங்கலா, ஒப்புக்கு இருக்கும். அதே சி.டி.யில் ஒரு மெழுகுவத்தி வெளிச்சத்தைப் பாருங்க. சிவப்பு நிறைய, நீலம் கொஞ்சம். இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க. வரப்புக்குப் போறப்போ இது முக்கியம்.

இப்போ கலர் கலரா மார்க் போடுவோம்.

சிவப்பு: இந்த டார்ச்சோட உண்மையான ஹீரோ இவர்தான்! இருட்டுக்குப் போனா நம்ம கண்ணு முழுசா பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம் அடிச்சா அந்த உழைப்பெல்லாம் வீண். ஆனா இருட்டில் வேலை செய்யுற கண் செல்களுக்கு ஆழ்ந்த சிவப்பு பெருசா உறைக்காது. அதனாலதான் நட்சத்திரம் பார்க்கிறவங்க மங்கலான சிவப்பு லைட்டை வெச்சு வரைபடம் படிக்கிறாங்க. ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ டூர் போறீங்களா? சிவப்பை மட்டும் ஆன் பண்ணி ஒரு அரை மணி வானத்தைப் பாருங்க. அதே ஜவ்வாது மலையில காவலூரில்தான் 2.34 மீட்டர் தொலைநோக்கியோட வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தாங்கன்னு அப்போ புரியும்.

சென்னை நண்பர்களுக்கு இன்னொரு விஷயம். பெசன்ட் நகர் பக்கம் கடற்கரையில் மாணவர்கள் ராத்திரி நடந்து, ஆலிவ் ரிட்லி ஆமை முட்டைகளைப் பாதுகாக்கிற அமைப்பு 1988-லிருந்து இயங்குது. நீங்களும் அந்த நடைக்குப் போகலாம். ஆனா டார்ச்சை அடிச்சுக்கிட்டு போய் நிற்காதீங்க! முட்டையிலிருந்து வர்ற குஞ்சு, வெளிச்சமா இருக்கிற பக்கத்தைக் கடல்னு நினைச்சு நடக்கும். நம்ம வெள்ளை வெளிச்சம் அதை ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்துடும். லைட் வேணுமா, எந்த லைட்னு அங்க இருக்கிற சீனியர்களைக் கேட்டுக்கிட்டு பண்ணுங்க.

சிவப்புக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வெள்ளை எக்ஸாம் ஹாலை விட்டு வெளியேறின அதே செல்லில் சிவப்பை ஆன் பண்ணினேன். ஜம்முன்னு எரிஞ்சுது! காலையில் மெஸ்ஸுக்குப் போறப்போவும் எரிஞ்சுது. காரணம் நம்ம சிலபஸ்லயே இருக்கு. சிவப்பு ஒளித்துகளுக்கு ஆற்றல் கம்மி, நீலத்துக்கு ஜாஸ்தி. அதனால சிவப்பு எல்.ஈ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். நீலத்துக்கும், நீலத்திலிருந்து பிறந்த வெள்ளைக்கும் 3 வோல்ட் பக்கம் வேணும். செல் இறங்கி மூணும் சேர்ந்து 3 வோல்ட்டுக்குக் கீழ போனதும் வெள்ளை சுருண்டுடும். சிவப்பு மட்டும் 'நான் இருக்கேன்'னு நிற்கும். மத்தவங்க குப்பையில் போடுற செல் இவருக்கு விருந்து!

பச்சை: நம்ம கண்ணுக்கு ரொம்பப் பிடிச்ச கலர் இது. பகலில் நம்ம கண்ணு அதிகமா உணர்றது 555 நானோமீட்டர் பக்கம் இருக்கிற மஞ்சள் கலந்த பச்சையை. அதனால குட்டி எல்.ஈ.டி.யா இருந்தாலும் சிவப்பு, நீலத்தை விட இது பளிச்சுன்னு தெரியும். ஆனா ஒரு எச்சரிக்கை. ரயில் பாதை பக்கத்தில் இந்தப் பச்சை, சிவப்பை ஆட்டி விளையாடாதீங்க. ரயிலின் கடைசியில் இருக்கிற கார்டு, 2022-லிருந்து அவரை ட்ரெயின் மேனேஜர்னு சொல்றாங்க, அவரோட கைவிளக்கில் இருக்கிறதும் இதே பச்சை, சிவப்பு. அங்க அது பேச்சு. நமக்கு விளையாட்டு.

நீலம்: ஹைலைட்டர் பேனாவில் கோடு போட்டு மேல அடிச்சா பளபளன்னு மின்னும். வேற பெருசா உபயோகம் இல்லை. சில கடைகளில் 'இதை அடிச்சா கள்ள நோட்டு தெரியும், தேள் மின்னும்'னு சொல்வாங்க. அதுக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. அது 400 நானோமீட்டருக்குக் கீழ இருக்கு. நம்ம நீலம் 450-க்கு மேல, கீழன்னு இருக்கிற சாதாரண நீலம். இதை நம்பி தேள் தேடப் போகாதீங்க, ப்ளீஸ்!

பேப்பர் 4: வரப்பு

மேல சொன்னதெல்லாம் தியரி. நிஜ எக்ஸாம் சென்டர் எங்க ஊர் வரப்புதான்.

லீவுக்குப் போனப்போ தம்பியைக் கூட்டு சேர்த்தேன். ஆறு பொருள் எடுத்துக்கிட்டோம். பழுப்பு நிறத் தேங்காய் நார்க் கயிறு மூணு துண்டு. கறுப்பு ரப்பர் குழாய் ரெண்டு. சுண்ணாம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புக் குழாய் ஒண்ணு, அதாவது கட்டுவிரியனுக்கு டூப். இருட்டினதும் தம்பி அதை வரப்பு நெடுக அங்கங்கே போட்டுட்டு வருவான். நான் ஒரு தடவை நடப்பேன். அப்புறம் இடம் மாத்திப் போடுவான், அப்பா நடப்பார். மூணு தப்படி தூரம் இருக்கிறப்போவே பார்த்துட்டா பாஸ். தாண்டிட்டா ஃபெயில். இங்க ஃபெயில்னா என்னன்னு விளக்க வேண்டியதில்லை.

அப்பாவுக்கு வயசு 58. ஒரு கண்ணில் புரை ஆரம்பம். "கயித்தைப் பாம்புன்னு நினைச்சு பயந்த காலம் போய், நினைச்சுக்கச் சொல்லி நடக்க வைக்கிறியே பாப்பா"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் வந்தார்.

ரிசல்ட் இதோ. புது செல், வெள்ளை: நான் ஆறும் பார்த்துட்டேன். அப்பா அஞ்சு. ஒரு மணி நேரம் எரிஞ்ச செல், அதே வெள்ளை: நான் மறுபடியும் ஆறு. அப்பா... மூணு! பச்சை: நான் நாலு, அப்பா ரெண்டு. சிவப்பு: நான் மூணு, அப்பா ஒண்ணு. நீலம்: நான் ரெண்டு, அப்பா ஜீரோ.

கலர் வெளிச்சத்தில் ஏன் இப்படின்னா, ஒரு பொருள் தன்மேல விழற நிறத்தை மட்டும்தான் திருப்பி அனுப்ப முடியும். பழுப்புக் கயிற்றில் சிவப்பும் மஞ்சளும்தான் ஜாஸ்தி. நீல லைட் அடிச்சா திருப்பித் தர அதுகிட்ட ஒண்ணும் இல்லை. கறுப்பா போய் கறுப்பு மண்ணோட கலந்துடும். சிவப்பு லைட்டில் எல்லாமே சிவப்போட மேல் சாயல், கீழ் சாயலா தெரியும். கண்ணு கலரை வெச்சுப் பிரிச்சுப் பார்க்க முடியாது. வானம் பார்க்க ஹீரோவா இருந்தவர் வரப்பில் வில்லன்!

ஆனா என்னை யோசிக்க வெச்சது அந்த ரெண்டாவது ரிசல்ட்தான். வெளிச்சம் பாதியா குறைஞ்சது என் கண்ணுக்கு ஒரு விஷயமே இல்லை. அப்பா கண்ணுக்கு ரெண்டு கயிறு காணாம போச்சு. வயசாக ஆக கண்மணி முன்ன மாதிரி விரியாது. லென்ஸ் மஞ்சளாகி வெளிச்சத்தை உள்ளே விடாது. அதனால அதே டார்ச் இருபது வயசுக்கு ஒரு டார்ச், அறுபது வயசுக்கு வேற டார்ச். ஹாஸ்டல் வராண்டாவில் நான் எத்தனை லக்ஸ் அளந்தாலும் இது தெரிஞ்சிருக்காது.

கடைசியா, பக்கத்து வயல் சித்தப்பா கையில இருந்த டார்ச்சை வாங்கி நடந்து பார்த்தார். அது மஞ்சள் கலந்த வெள்ளை வெளிச்சம் தர்ற எல்.ஈ.டி., ஒரே ஒரு கலர். போனில் அளந்தா நம்ம டார்ச்சை விட வெளிச்சம் கொஞ்சம் கம்மிதான். ஆனா அப்பா ஆறும் பார்த்துட்டார்! "உன்னோடதுல வெளிச்சம் நிறைய இருக்கு பாப்பா. ஆனா மண்ணு, கயிறு, புல்லு எல்லாம் ஒரே மாதிரி வெளுப்பா தெரியுது. இதுல மண்ணு மண்ணா தெரியுது"ன்னார். சி.டி.யில் சிவப்பு மங்கலா இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? நான் ஸ்பெக்ட்ரம்னு சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிட்டார்.

ஒரு நாள், ஒரு வரப்பு, ஆறு பொருள், ரெண்டு பேர். இதை வெச்சு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முடியாதுதான். ஆனா ஒரு வீட்டுக்கு ஒரு டார்ச் வாங்க இது போதும்.

இன்னொண்ணும் கண்டுபிடிச்சோம். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியில் கட்டிக்கிட்ட மாதிரி பிடிச்சா கயிறு தரையோட ஒட்டித் தட்டையா தெரியும். இடுப்புக்குக் கீழ, தாழ்த்திப் பிடிச்சா கயிற்றுக்குப் பின்னால நீளமா நிழல் விழும். முதல்ல கண்ணில் படுறது அந்த நிழல்தான். செலவே இல்லாத அப்கிரேட் இது. எந்தக் கடையிலயும் சொல்ல மாட்டாங்க.

மார்க் ஷீட்

வெள்ளை: பத்துக்கு 6. புது செல்லில் நல்ல வெளிச்சம். ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் நம்ப முடியாது.
சிவப்பு: 9. வானம் பார்க்க, தூங்குறவங்களை எழுப்பாம நடமாட.
பச்சை: 5. பார்க்க அழகு.
நீலம்: 2. ஹைலைட்டருக்காக.
பாடி: 7. மூணு தடவை கட்டிலில் இருந்து விழுந்தும் எரியுது.
அட்டைப்பெட்டி: 0. காப்பி அடிச்சா கூட இதை விட நல்லா எழுதியிருக்கலாம்.

ஹாஸ்டலுக்கு, டூருக்கு, கரன்ட் கட்டுக்கு 180 ரூபாய்க்கு இது பாஸ். வரப்புக்கு ஃபெயில். அப்பாவுக்கு மன்னார்குடி கடைவீதியிலயே 420 ரூபாய்க்கு மஞ்சள் கலந்த வெள்ளை டார்ச் ஒண்ணு வாங்கினோம். மாத்திப் போட இன்னொரு செட் செல்லும், முழங்கால் வரைக்கும் வர்ற ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும். கையில ஒரு கம்பு அவர்கிட்ட எப்பவும் உண்டு. டார்ச் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அது பாம்பைக் காட்டத்தான் செய்யும், கடிக்காம தடுக்காது. தவறிக் கடிச்சுட்டா கட்டுப் போடுறது, கீறி விடுறது, வாயால உறிஞ்சுறது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை ஆட்டாம 108-க்குப் போன் பண்ணி, விஷ முறிவு ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போறதுதான் ஒரே வழி.

நாலு கலர்க்காரர் என்ன ஆனார்னு கேட்கிறீங்களா? பாட்டி எடுத்துக்கிட்டாங்க. ராத்திரி எழுந்து பாத்ரூம் போக சிவப்பை மட்டும் ஆன் பண்றாங்க. கண்ணும் கூசலை, தூக்கமும் கலையலையாம். அப்பா டார்ச்சில் தீர்ந்து போன செல்லெல்லாம் வேற அளவுங்கிறதால, டி.வி. ரிமோட்டில் தீர்ந்த செல்லைப் போட்டுக் கொடுத்திருக்கான் தம்பி. இன்னும் எரியுது. உபயோகிக்காம ரொம்ப நாள் வெச்சா மட்டும் செல்லைக் கழட்டிடுங்க. இல்லைன்னா செல் கசிஞ்சு உள்ளே அரிச்சுடும்.

அடுத்த தடவை நீங்க ஊருக்கு ஏதாவது வாங்கிட்டுப் போறப்போ, அது டார்ச்சா இருந்தாலும் சரி, போனா இருந்தாலும் சரி, யார் கையில அது இருக்கப் போகுதோ அவங்க கையில கொடுத்து, அவங்க போற வழியில ஒரு தடவை நடக்கச் சொல்லுங்க. நீங்க கூடவே நடந்து பார்த்துக்கிட்டே வாங்க. மார்க்கை அவங்க போடட்டும்.